முகடுகளில் எஞ்சிய காடு – மலைநாட்டு வரலாறு, பகுதி 14: திம்புள்ளையின் சிறுத்தைகள்

1869ஆம் ஆண்டு மார்ச் மாதம், சீனாவின் சிச்சுவான் மலைகளில் அர்மான் டேவிட் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் ஒரு நிலக்கிழாரின் வீட்டுக்குத் தேநீர் அருந்தப் போனார். அங்கே கறுப்பும் வெள்ளையுமான ஒரு பெரிய தோலைக் கண்டார். பாண்டா என்றொரு விலங்கு இருப்பதை ஐரோப்பிய அறிவியல் உலகம் தெரிந்துகொண்டது அந்தத் தோலின் வழியாகத்தான். அதே ஆண்டில் இலங்கை மலைநாட்டில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூள் படியத் தொடங்கியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்தப் பூஞ்சை நோய் கோப்பியை அழித்துவிட்டது. அந்த மண்ணில் தேயிலை ஏறியது.

இரண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் பயிர்நிலம் மலையின் அடிவாரத்திலிருந்து மேலே ஏற ஏற, காட்டு விலங்கு முகட்டை நோக்கி ஒதுங்கும் கதை இரண்டு நாடுகளிலும் ஒன்றே. பாண்டாவின் கதை உலகம் முழுக்கத் தெரியும். எங்கள் மலைச் சிறுத்தையின் கதை அக்கரப்பத்தனையிலும் பொகவந்தலாவையிலும் பிறந்து வளர்ந்தவர்களுக்குக்கூட முழுதாகச் சொல்லப்படவில்லை. பாண்டாவை முதலில் சொல்லிவிட்டால் நம்முடையதை விளங்கிக்கொள்வது எளிது.

காட்டில் வாழும் பாண்டாக்கள் இன்று சிச்சுவான், ஷான்சி, கான்சு என்ற மூன்று மாகாணங்களில், ஆறு மலைத்தொடர்களில் மட்டுமே இருக்கின்றன. ஒரு காலத்தில் தாழ்நிலங்களிலும் இருந்தன. உழவு நிலம் பெருகியதால் உயரமான மூங்கில் காடுகளே மிஞ்சின. சீன அரசு 2015இல் வெளியிட்ட நான்காவது கணக்கெடுப்பு 1,864 பாண்டாக்கள் என்றது. அந்த எண்ணைப் பலரும் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். கூடவே வந்த இன்னொரு எண்ணை அவ்வளவாகச் சொல்வதில்லை: அவை 33 தனித்தனித் துண்டுகளாகப் பிரிந்து வாழ்கின்றன. சாலையும் வயலும் ஊரும் நடுவே கிடப்பதால் ஒரு துண்டில் உள்ளது அடுத்த துண்டுக்குப் போக முடியாது. சில துண்டுகளில் விரல்விட்டு எண்ணத்தக்க பாண்டாக்களே உள்ளன. மிருகக்காட்சிசாலைகளிலும் வளர்ப்பு நிலையங்களிலும் 600க்கும் மேற்பட்டவை இருக்கின்றன. அவை பத்திரமாக இருக்கின்றன, குட்டியும் போடுகின்றன. ஆனால் அந்த 33 துண்டுகளை அவற்றால் இணைக்க முடியாது.

இனி திம்புள்ளைக்கு வருவோம்.

தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை, டயகம, கொட்டகலை, பத்தனை என்று கொத்மலை ஓயாவும் ஆக்ரா ஓயாவும் இறங்கி வரும் பள்ளத்தாக்குதான் திம்புள்ள. தேயிலை வியாபாரத்தில் அந்தப் பெயருக்குத் தனி மதிப்பு. ஏறத்தாழ 3,500 அடியிலிருந்து 5,500 அடிவரை தேயிலை. கிழக்கே டயகமத் தோட்டத்துக்கு மேலே ஏறினால் ஹோர்ட்டன் சமவெளி. மேற்கும் தெற்குமாக டிக்கோயா, பொகவந்தலாவை, மஸ்கெலியா தாண்டி சிவனொளிபாதமலைக் காடு. வரைபடத்தை விரித்துப் பார்த்தால், இரண்டு பெரிய காடுகளுக்கு நடுவே ஒரு பச்சைப் பள்ளத்தாக்கு. அந்தப் பச்சையில் பெரும்பகுதி தேயிலை. நடுநடுவே கரும்பச்சைத் திட்டுகள் தெரியும்: ஓடைக்கரை, செங்குத்துப் பாறை, முகட்டு விளிம்பு. சிறுத்தைகள் இருப்பது அங்கேதான்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இந்தப் பள்ளத்தாக்கு அடர்காடு. 1840இல் வந்த முடிக்குரிய நிலச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காட்டையெல்லாம் அரசுக்குச் சொந்தமாக்கியது; அரசு அதைத் துரைமாருக்கு ஏக்கர் கணக்கில் விற்றது. கண்டிப் பக்கத்துக் காடுகள் முதலில் விழுந்தன. திம்புள்ளையின் முறை 1860களிலும் 1870களிலும் வந்தது. மரம் சாய்க்கும் கோடரி வேலையைப் பெரும்பாலும் சிங்களக் கிராமத்தவர் ஒப்பந்தத்துக்குச் செய்தார்கள். விழுந்த காட்டை எரித்த பிறகு, சாம்பலின் மேல் குழி வெட்டி, கன்று நட்டு, கான் வெட்டி, பாதை போட்டவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிமாரின் பின்னே மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளைக் காட்டுவழியே நடந்து வந்த நம் முன்னோர். அந்த வழியில் இறந்தவர்களைப் பற்றி இத்தொடரின் முந்திய பகுதிகளில் எழுதியாயிற்று. காட்டு விலங்குகளை விடக் கொலராவும் பசியுமே அவர்களைக் கொன்றன என்பதை மட்டும் இங்கே நினைவுபடுத்துகிறேன். 1885இல் ரயில் நானுஓயாவைத் தொட்டபோது காட்டின் கதை ஏறக்குறைய முடிந்திருந்தது.

காட்டோடு யானையும் போயிற்று. மேஜர் தோமஸ் ரோஜர்ஸ் என்ற ஒரே ஓர் அதிகாரி 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகக் கணக்கு. 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து அவர் இறந்தார். கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. சாமுவேல் பேக்கர் 1848 முதல் 1855வரை நுவரெலியாவில் குடியிருந்து, வேட்டைநாய்களைக் கூட்டிக்கொண்டு மரையைத் துரத்தினார். அதைப் பற்றிப் புத்தகங்களும் எழுதினார். துரை பங்களாக்களின் சுவர்களில் மரைக்கொம்பும் சிறுத்தைத் தோலும் தொங்கின. சிறுத்தையைச் சுடுவது அன்று வீரம்; அதைத் தடுக்கச் சட்டம் எதுவும் இருக்கவில்லை.

யானை போன இடத்தில் சிறுத்தை எப்படித் தங்கியது? இதற்கு இரண்டு விடைகள் உண்டு. ஒன்று சிறுத்தையின் குணம். அது இரவில் நடமாடும், தனியாக வாழும், கிடைத்ததை உண்ணும். ஹோர்ட்டன் சமவெளியில் மரையைப் பிடிக்கும். பள்ளத்தாக்கில் இறங்கினால் கேளையாடு, முள்ளம்பன்றி, முயல், குரங்கு எதுவானாலும் சரி. தோட்டத்து நாயும் அதன் இரைதான். இந்தத் தீவில் புலியோ சிங்கமோ இல்லாததால் காட்டின் உச்சியில் அதற்குப் போட்டி கிடையாது. இங்கே ஆண் சிறுத்தையின் சராசரி எடை 56 கிலோ. 77 கிலோ எடையுள்ள ஒன்றும் பதிவாகியிருக்கிறது. இலங்கைச் சிறுத்தையைத் தனி உபஇனமாக 1956இல் பெயரிட்டவர் பி. ஈ. பி. தெரணியகல. அதன் அறிவியல் பெயரில் 'கொட்டியா' என்ற சிங்களச் சொல்லையே வைத்தார்.

இரண்டாவது விடைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது, அது வரலாற்றில் இருக்கிறது. 1873இல் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் தலைவர் ஜோசப் ஹூக்கர், இலங்கை மலைகளில் 5,000 அடிக்கு மேலுள்ள காட்டைத் தொடக்கூடாது என்று அறிவுரை சொன்னார். அவர் கவலை சிறுத்தையைப் பற்றியதல்ல, தண்ணீரைப் பற்றியது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளும் ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்து முகடுகளில்தான் பிறக்கின்றன. மேலே காடு போனால் கீழே ஓடை வற்றும், மண் சரியும், தோட்டத்துக்கே கேடு. அரசு அந்த அறிவுரையை ஏற்றது. ஏற்கனவே விற்றுவிட்ட நிலங்களில் தேயிலை அந்தக் கோட்டைத் தாண்டி ஏறியிருக்கிறது, அதை லிந்துலையில் நின்று பார்த்தாலே தெரியும். ஆனாலும் பெருமுகடுகள் தப்பின. தண்ணீருக்காகப் போட்ட கோடு சிறுத்தைக்கு வீடாயிற்று.

கோட்டுக்குக் கீழேயும் கொஞ்சம் காடு மிஞ்சியது, அதற்குக் காரணம் தேயிலையேதான். கொழுந்தை உலர்த்த நெருப்பு வேண்டும், நெருப்புக்கு விறகு வேண்டும். ஆகவே ஒவ்வொரு தோட்டமும் தன் எல்லைக்குள் ஒரு விறகுக் காட்டை ஒதுக்கி வைத்தது. பிற்பாடு அவற்றில் யூகலிப்டஸ் நட்டார்கள். கால் வைக்க முடியாத பள்ளங்களையும் ஓடைக்கரைகளையும் அப்படியே விட்டார்கள். கூலியாட்களால் கொழுந்து பறிக்க முடியாத இடம் எதுவோ, அதுவே காடாக மிஞ்சியது என்றும் சொல்லலாம்.

அதற்குப் பின் வந்த சட்டங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1937இல் வனஜீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். 1940இல் சிவனொளிபாதமலைக் காடு சரணாலயம். ஹோர்ட்டன் சமவெளி 1969இல் இயற்கை ஒதுக்கிடம், 1988இல் தேசியப் பூங்கா. 2010இல் இவ்விரண்டையும் நக்கிள்ஸ் மலைத்தொடரையும் சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் ஏற்றியது. ஹோர்ட்டன் சமவெளிப் பூங்கா ஏறத்தாழ 3,160 ஹெக்டயர்தான். தனக்கென்று எல்லை வகுத்து வாழும் விலங்குக்கு அது சின்ன இடம். பூங்காவில் பிறக்கும் இளஞ்சிறுத்தை ஒரு பருவத்தில் வெளியேறித் தன் இடத்தைத் தேடியே ஆக வேண்டும். அது இறங்கி வரும் வழி டயகமவும் அக்கரப்பத்தனையும் பொகவந்தலாவையும்.

இன்னொரு திருப்பம் 1970களில் நடந்தது. 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் போயிற்று. இந்த இழுபறியில் பல மலைகள் கவனிப்பாரற்றுப் போயின. கவ்வாத்து வெட்டாத தேயிலை மரமாக வளர்ந்தது. மானாப்புல்லும் பற்றையும் ஏறின. அங்கே காட்டுப் பன்றி பெருகியது, முள்ளம்பன்றி பெருகியது. அவற்றின் பின்னே சிறுத்தையும் வந்தது. வேலை நாட்கள் குறைந்த வீடுகளில் வறுமை ஏறிய அதே ஆண்டுகளில், அதே மலைகளில், பற்றைக்காடு லயத்தின் வாசல்வரை வந்தது. மனிதரின் கதையையும் விலங்கின் கதையையும் இங்கே பிரித்து எழுத முடியாது.

நீண்ட காலம் தோட்டச் சிறுத்தைகளை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. சிறுத்தை என்றால் யால, வில்பத்து என்றே ஆராய்ச்சியாளரும் சுற்றுலாப் பயணிகளும் நினைத்தார்கள். அஞ்சலி வொட்சன், அன்ட்ரூ கிட்டில் என்ற இரு ஆய்வாளர்கள் 2004இல் ஒரு வனஜீவராசிகள் பாதுகாப்பு அறக்கட்டளையை நிறுவினார்கள். அவர்களுடைய வேலை மலைநாட்டுக்கு வந்து, டிக்கோயாவின் டன்கெல்ட் தோட்டப் பக்கத்தில் கமெராக்கள் வைத்த பிறகு படம் மாறியது. ஒவ்வொரு சிறுத்தையின் புள்ளிக் கோலமும் வேறு. வலப்பக்கமும் இடப்பக்கமும் படம் கிடைத்தால் ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்தறியலாம். அப்படிப் பார்த்தபோது, தோட்டத்துத் திட்டுக் காடுகளில் இருப்பவை வழிதவறி வந்தவை அல்ல, அங்கேயே நிலைத்து வாழ்ந்து குட்டி வளர்ப்பவை என்பது தெளிவாயிற்று. ஆண்டுக்கணக்காகத் தோட்டத்துச் சனங்கள் சொல்லி வந்ததைக் கமெரா உறுதி செய்தது. "ராத்திரி நாயக் காணோம், புலி தூக்கிருச்சு" என்று பீலியடியில் பேசியதெல்லாம் வெறும் கதை அல்ல. முழு இலங்கையிலும் வளர்ந்த சிறுத்தைகள் ஆயிரத்துக்கும் குறைவு என்பதே இன்றைய மதிப்பீடு. அந்தச் சிறு தொகையில் தோட்டத்துச் சிறுத்தைகளுக்கும் பங்குண்டு.

மனிதருக்கும் அதற்கும் உள்ள உறவைப் பற்றி நேர்மையாகப் பேச வேண்டும். சிறுத்தை தாக்கிக் கொழுந்து பறிக்கும் பெண்கள் காயப்பட்ட செய்திகள் வருகின்றன. அவற்றை மறைப்பதால் யாருக்கும் நன்மையில்லை. தேயிலைப் பாத்திக்குள் பகலில் படுத்திருக்கும் சிறுத்தையின் மேல் தெரியாமல் போய் நிற்பதே பெரும்பாலும் காரணம். அது பாய்ந்து கீறிவிட்டு ஓடும். மனிதரை இரையாகத் தேடும் சிறுத்தை இந்நாட்டில் மிக அரிது. மட்டக்களப்பு வழியிலுள்ள புணாணையில் குறைந்தது 12 பேரைக் கொன்ற ஒன்றை 1924இல் ஷெல்டன் ஆகர் சுட்டார். அதன் உடலைப் பாடம் செய்து கொழும்பு அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். நூறாண்டு கடந்தும் அந்த ஒன்றைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள் என்பதே அது எவ்வளவு அரிது என்பதற்குச் சான்று. ஆனால் விடியற்காலைப் பனியில் காட்டோர மலைக்கு ஏறும் பெண்ணுக்கு இந்தப் புள்ளிவிபரம் ஆறுதல் தராது. முதலில் ஆட்கள் சத்தம் போட்டுக்கொண்டு மலைக்குள் இறங்குவது, காட்டோரத்தில் தனியாக நிரை பிடிக்காமலிருப்பது, லயத்துக்குப் பின்னால் குப்பை குவிந்து நாய்கள் பெருகாமல் பார்ப்பது – இவையெல்லாம் தோட்ட நிர்வாகம் செய்து கொடுக்க வேண்டிய ஏற்பாடுகள். பயத்தைச் சுமக்கும் பொறுப்பைக் கொழுந்துக் கூடையோடு சேர்த்து அந்தப் பெண்ணின் முதுகிலேயே ஏற்றிவிடக் கூடாது.

தேயிலைக்குள் குட்டிகளைக் காண்பதும் உண்டு. தாய் இரை தேடிப் போன நேரத்தில் ஆட்கள் கண்டு, இரக்கப்பட்டுத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அது அனாதைக் குட்டி அல்ல. அங்கேயே விட்டு, அந்த மலையில் அன்றைக்கு வேலையை நிறுத்தினால் பெரும்பாலும் தாய் வந்து எடுத்துப் போகும். தூக்கி வந்துவிட்டால் அந்தக் குட்டி கூண்டுக்குள் முடியலாம்.

இன்று மலைச் சிறுத்தையை அதிகமாகக் கொல்வது துப்பாக்கி அல்ல, கம்பி. வாகனங்களின் கிளட்ச் கம்பியில் சுருக்குப் போட்டு, பன்றி வரும் தடத்தில் கட்டிவிடுகிறார்கள். சிலர் லயத்துக்குப் பக்கத்தில் போட்ட மரக்கறித் தோட்டத்தைக் காக்கிறார்கள். ஒரே இரவில் பன்றிக்கூட்டம் கிழங்குப் பாத்தியைப் புரட்டிப் போட்டால் அந்த வீட்டின் ஒரு போகம் போயிற்று. சிலர் இறைச்சிக்காகவே வைக்கிறார்கள், அதுவும் உண்மை. பன்றிக்கென்று வைத்த சுருக்குக்கு விலங்கு வேறுபாடு தெரியாது. அதே தடத்தில் பன்றியைத் தேடி வரும் சிறுத்தையின் இடுப்பில் அது இறுகும். பன்றி முரட்டுத்தனமாக இழுத்து அறுத்துக்கொண்டு போகும். சிறுத்தை துடிக்கத் துடிக்கக் கம்பி உள்ளே இறங்கும்.

2020 மே 26ஆம் திகதி நல்லதண்ணிப் பகுதியில், லக்ஷபான தோட்டத்தின் ஒரு மரக்கறித் தோட்டத்தருகே சுருக்கில் கிடந்தது ஒரு கருஞ்சிறுத்தை. உடலில் கருமை மிகும் மரபணுவால் அப்படிப் பிறப்பது. வெயிலில் பார்த்தால் கறுப்புக்குள் புள்ளிகள் தெரியும். இந்நாட்டில் அது மிக அபூர்வம். அதற்கு முந்திய ஆண்டில்தான், 2019இல், வனஜீவராசிகள் திணைக்களத்தின் கமெராவில் உயிரோடு ஒரு கருஞ்சிறுத்தை பதிவாகி நாடே வியந்தது. சுருக்கில் சிக்கியதை மீட்டு உடவளவை வைத்திய நிலையத்துக்குக் கொண்டு போனார்கள். மூன்று நாளில், மே 29இல், அது இறந்தது. நாடு முழுக்கத் துக்கப்பட்டது, பத்திரிகைகள் எழுதின. கறுப்பாக இல்லாத, சாதாரணப் புள்ளிச் சிறுத்தைகள் அதே விதமாக அதே மலைகளில் முன்னும் பின்னும் இறந்தன. அவற்றுக்குச் செய்தியின் மூலையில் நாலு வரி கிடைத்தது.

சுருக்கு வைப்பவனைப் பிடித்து வழக்குப் போடுவது சரி. அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் ஒன்றரை நூற்றாண்டாகக் காணி உறுதி இல்லாமல், லயத்து ஓரத்துத் துண்டு நிலத்தில் லீக்ஸும் கரட்டும் போட்டுப் பிழைக்கும் குடும்பத்துக்குப் பன்றியைத் தடுக்க ஒரு வேலி போட்டுத் தருவதைப் பற்றி யாரும் பேசாமல், சட்டப் புத்தகத்தை மட்டும் காட்டுவதில் நியாயமில்லை. சிறுத்தை தப்பிப் பிழைப்பது கொழும்பில் எடுக்கும் முடிவை விட, பன்றி மேய்ந்த மறுநாள் காலையில் அந்த வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்பதில் தங்கியிருக்கிறது.

இனி மிருகக்காட்சிசாலைகளின் பக்கம். தெஹிவளை மிருகக்காட்சிசாலையின் தொடக்கமே விலங்கு வியாபாரத்தில் இருக்கிறது. ஜெர்மனியின் ஹம்பர்க் நகரத்து ஹாகன்பெக் குடும்பம் உலகெங்கும் விலங்குகளைப் பிடித்து விற்று வந்தது. கார்ல் ஹாகன்பெக் 1880களில் இலங்கை யானைகளோடு இலங்கை மக்களையும் கூட்டிப் போய் ஐரோப்பிய நகரங்களில் காட்சிக்கு வைத்தார். மனிதரையும் விலங்கையும் ஒரே வேலிக்குள் நிறுத்திக் கட்டணம் வாங்கிய அந்தக் காலத்தை மறந்துவிட்டு மிருகக்காட்சிசாலையின் வரலாற்றை எழுத முடியாது. அவருடைய மாற்றாந்தாய் வழிச் சகோதரர் ஜோன் ஹாகன்பெக் கொழும்பில் குடியேறி, தெஹிவளையில் 1920களின் பிற்பகுதியில் விலங்குகளை வைத்துக் காட்டத் தொடங்கினார். 1936இல் அந்தக் கம்பனி கலைக்கப்பட்டு, விலங்குகளும் இடமும் அரசிடம் வந்தன. அதே ஆண்டின் முடிவில் ரூத் ஹார்க்னெஸ் என்ற அமெரிக்கப் பெண் சீனாவிலிருந்து ஒரு பாண்டாக் குட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு அமெரிக்காவில் கப்பலிறங்கினார். மேற்குலகம் உயிரோடு பார்த்த முதல் பாண்டா அது. பின்னர் சிக்காகோவின் புரூக்ஃபீல்ட் மிருகக்காட்சிசாலையில் கூட்டம் அலைமோதியது.

தெஹிவளையில் இன்றும் சிறுத்தைகள் உண்டு. 2015இல் திறந்த பின்னவலை மிருகக்காட்சிசாலையிலும் உண்டு. வெளிநாடுகளில் நெதர்லாந்தின் ஆர்னெம், இங்கிலாந்தின் பன்ஹாம் போன்ற இடங்களில் இலங்கைச் சிறுத்தைகள் வாழ்கின்றன. ஐரோப்பிய மிருகக்காட்சிசாலைகள் சேர்ந்து ஒரு வம்சாவளிப் பதிவேடு வைத்து, எந்த ஆணை எந்தப் பெண்ணோடு சேர்ப்பது என்று முடிவெடுக்கின்றன. 2011 இறுதியில் உலக மிருகக்காட்சிசாலைகளில் இருந்த இலங்கைச் சிறுத்தைகள் 75. பாண்டாவுக்குச் சீனா வாங்கும் வாடகை ஒரு சோடிக்கு ஆண்டுக்குப் பத்து இலட்சம் டொலர் அளவுக்குப் போயிருக்கிறது. நம் சிறுத்தைக்கு அப்படியொரு விலை கிடையாது; இருக்க வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

கூண்டில் உள்ளதைக் காட்டுக்குத் திருப்பி அனுப்பலாமே என்று பலர் கேட்கிறார்கள். சீனா முயன்றது. வளர்ப்பில் பிறந்த சியாங் சியாங் என்ற ஆண் பாண்டாவைப் பல ஆண்டு பயிற்சிக்குப் பின் 2006 ஏப்ரலில் வோலோங் காட்டில் விட்டார்கள். ஓராண்டு முடியும் முன்பே அது இறந்து கிடந்தது. ஏற்கனவே அந்த இடத்தை ஆண்டுகொண்டிருந்த காட்டுப் பாண்டாக்களோடு நடந்த சண்டையே காரணம் என்று முடிவு செய்தார்கள். நம்மைப் போலவே தேயிலை மலையான டார்ஜிலிங்கில் 1958இல் தொடங்கிய பத்மஜா நாயுடு இமாலய விலங்கியல் பூங்கா, 2003இல் இரண்டு பெண் செம்பாண்டாக்களைச் சிங்கலீலாக் காட்டில் விட்டது. பாண்டா என்ற பெயரைத் தவிர இதற்கும் பெரிய பாண்டாவுக்கும் நெருங்கிய உறவு கிடையாது என்றாலும், முயற்சி மதிக்கத்தக்கது. சிறுத்தைக்கு இந்த வழி இன்னும் கடினம். திட்டுக் காடுகளில் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு சிறுத்தையின் ஆட்சியில் இருக்கிறது. புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து விட்டால் அது சண்டையில் மாளும், அல்லது லயத்துக்குள் வரும். சுருக்கில் காலை இழந்து உயிர் தப்பியது கூண்டில் வாழலாம். டயகமவிலிருந்து பொகவந்தலாவைக்கு நடந்து போகும் வேலையைக் கூண்டுச் சிறுத்தையால் செய்ய முடியாது.

ஆகவே கேள்வி அந்த நடைவழிதான். சீனாவின் ச்சின்லிங் மலையில் ஒரு நெடுஞ்சாலைக்குச் சுரங்கப்பாதை அமைத்த பிறகு, மேலே கைவிட்ட பழைய சாலையோரம் மூங்கில் நட்டார்கள். பிரிந்திருந்த பாண்டாக்களுக்கு மீண்டும் வழி கிடைத்தது. திம்புள்ளையில் அவ்வளவு பெரிய வேலை தேவையில்லை, ஏனெனில் நம் வழி இன்னும் முழுதாக அறுபடவில்லை. ஹோர்ட்டன் சமவெளியின் மேற்கு விளிம்பிலிருந்து அக்கரப்பத்தனைக்கும் பொகவந்தலாவைக்கும் இடைப்பட்ட முகடு வழியே சிவனொளிபாதமலைக் காடுவரை காடு ஏறக்குறையத் தொடர்கிறது. அதிலிருந்து ஓடைக்கரைகளின் வழியே திட்டுக் காடுகள் பள்ளத்தாக்குக்குள் இறங்குகின்றன. அவற்றில் ஒன்றை மரக்கறிக்காகவோ விறகுக்காகவோ வெட்டும்போது யாருக்கும் பெரிதாகத் தெரியாது, ஒரு ஏக்கர்தானே என்று தோன்றும். ஆனால் இரண்டு திட்டுகளுக்கு நடுவே சிறுத்தை ஓர் இரவில் கடக்க வேண்டிய திறந்த தேயிலை அதிகமாகிறது. மனிதரை நேருக்கு நேர் காணும் வாய்ப்பும் அவ்வளவுக்கு அதிகமாகிறது. தோட்டக் கம்பனிகள் தங்கள் எல்லைக்குள் உள்ள ஓடைக்கரைக் காட்டை அளந்து, வரைபடத்தில் குறித்து, வெட்டுவதில்லை என்று எழுதிக்கொடுப்பது இன்றே செய்யக்கூடிய காரியம். அதற்குத் தனிச் சட்டம் வேண்டியதில்லை.

கடைசியாக, சுருக்கில் சிக்கிய சிறுத்தையைக் காண நேர்ந்தால் என்ன செய்வது என்பது. கூட்டம் கூடக் கூடாது. செல்போனை நீட்டிக்கொண்டு கிட்டப் போனால் அது பயத்தில் துள்ளும், துள்ளத் துள்ளக் கம்பி இறுகும். மீட்பவர்கள் வரும் முன்பே உள்ளுறுப்புகள் சிதைந்துவிடும். தூர விலகி நின்று, வனஜீவராசிகள் திணைக்களத்துக்கும் தோட்ட அலுவலகத்துக்கும் தகவல் சொல்ல வேண்டும். மயக்க ஊசி போடும் மிருக வைத்தியர் மலைப்பாதையில் வந்து சேர நேரம் பிடிக்கும். அதுவரை அந்த மலைக்கு யாரும் ஏறாமல் நாலு பேர் காவல் நின்றால் போதும். அந்த நாலு பேர் எப்போதும் நம் தோட்டத்து ஆட்களாகவே இருப்பார்கள், ஏனென்றால் அங்கே முதலில் போய்ச் சேருபவர்கள் அவர்கள்தான்.

(அடுத்த பகுதி: ஹோர்ட்டன் சமவெளியின் மரைக் கூட்டங்களும், அவற்றைத் துரத்திய வேட்டைநாய்களின் காலமும்.)